அடங்கும் நொதி, அறுக்கும் நொதி: பூச்சிமருந்து எச்சம் காணும் இரு மின்வேதி உணரிகள் - ஓர் ஒப்பாய்வு

சென்னை - அரக்கோணம் புறநகர் ரயில் தடத்தில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவில் இருக்கிறது செவ்வாப்பேட்டை. அதை ஒட்டிய திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது, டி.கே.எம். என்று பெயர் தொடங்கும் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. வடமேற்கே கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. இவை அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. வயல், குடிநீர், ஆலை மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருப்பதால் பூச்சிமருந்து எச்சம் பற்றிய கேள்வியும் இங்கு மூன்று விதமாக எழுகிறது. சந்தைக்குப் போகும் கத்தரிக்காயில் இருக்கிறதா? ஏரித் தண்ணீரில் எவ்வளவு? ஆலை வாய்க்காலில் என்ன ஓடுகிறது?

மூன்றுக்கும் சட்டம் ஏற்கும் பதில் ஆய்வகத்திலிருந்துதான் வரும். காயை அரைத்து, அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் பிரித்தெடுத்து, நிறவரைவியலும் நிறைமாலையும் இணைந்த கருவிக்குள் செலுத்தினால், எந்த மருந்து, எவ்வளவு என்று தனித்தனியே பட்டியல் கிடைக்கும். கருவியின் விலை கோடி ரூபாய் அளவில் இருக்கும்; இயக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பகுப்பாய்வாளருக்கு அறிக்கை தர 14 நாள் அவகாசம் கொடுக்கிறது. காலையில் பறித்த கீரை அன்று மாலைக்கே வாடிவிடும். அறிக்கை வரும்போது காய் சமைத்து, சாப்பிட்டு, மறந்தும் போயிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நொதி பூசிய மின்முனைகள் வந்தன. அவற்றில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. ஒன்றில் மருந்து நொதியை அடக்குகிறது. எவ்வளவு அடங்கியது என்பதே அளவு. மற்றதில் நொதி மருந்தை அறுக்கிறது. அறுபட்டு விழும் துண்டுதான் அளவு. முதலாவதில் இருப்பது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ், சுருக்கமாகக் கோலின்எஸ்டரேஸ். இரண்டாவதில் இருப்பது ஆர்கனோபாஸ்பரஸ் ஹைட்ரோலேஸ், இங்கே ஹைட்ரோலேஸ். ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் இரண்டும் விடை சொல்வது ஒரே கேள்விக்கு அல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் கருவி வாங்கினால், வாங்கிய கருவி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிறந்த இடங்கள்

மின்முனையின் மேல் நொதியை நிறுத்தி அளவெடுக்கும் யோசனையை 1962இல் அமெரிக்காவின் அலபாமாவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் வெளியிட்டார்கள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைக் கொண்டு இரத்தச் சர்க்கரையை அளப்பது அவர்கள் நோக்கம். இன்று மருந்துக்கடையில் டப்பாவாக விற்கும் சுகர் ஸ்ட்ரிப் அந்த வழியில் வந்தது. அதே 1962இல் ஜார்ஜ் கில்போவும் கூட்டாளிகளும் கோலின்எஸ்டரேஸைக் கொண்டு ஆர்கனோபாஸ்பரஸ் சேர்மங்களை மின்முறையில் அளந்து காட்டினார்கள். ஆக, சர்க்கரை உணரியும் பூச்சிமருந்து உணரியும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. ஒன்று வீட்டுக்கு வீடு போய்விட்டது. மற்றது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே நின்றுவிட்டது.

அதற்கு முதல் காரணம் அளவு. உடலில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் அது லிட்டருக்கு 5.5 மில்லிமோல். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொதுவாக வைத்திருக்கும் உச்ச எச்ச அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். குளோர்பைரிபாஸ் போன்ற மூலக்கூறு ஒரு லிட்டர் சாற்றில் அந்த அளவு இருந்தால், அது மைக்ரோமோலில் நூற்றில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. சர்க்கரையைவிட ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு சிறிய அளவைத் தேட வேண்டியிருக்கிறது.

கோலின்எஸ்டரேஸ் நம் நரம்பிலேயே இருக்கும் நொதி. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் வேலை முடித்ததும் அதை உடைத்து அப்புறப்படுத்துவது இதன் பணி. ஆர்கனோபாஸ்பேட் மருந்து இந்த நொதியின் செயல்மையத்தில் உள்ள செரின் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அப்புறப்படுத்தல் நின்றுபோகிறது. வாயில் நுரை, கண்மணி சுருக்கம், மூச்சுத்திணறல் என்று அவசரப் பிரிவுக்கு வருபவர்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான். உணரிக்கான நொதியை மின்விலாங்கு மீனிலிருந்தோ மாட்டு இரத்தச் சிவப்பணுவிலிருந்தோ எடுப்பார்கள். பழ ஈயின் மரபணுவைத் திருத்தி நுண்ணுயிரில் தயாரிப்பதும் உண்டு.

ஹைட்ரோலேஸ் வந்தது மண்ணிலிருந்து. 1973இல் பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயசினான் தெளித்த நெல்வயல் நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அறிவித்தவர்கள் இந்திய விஞ்ஞானி என். சேதுநாதனும் டி. யோஷிதாவும். அந்தப் பாக்டீரியா டயசினானையும் பாரத்தியானையும் உடைத்துத் தின்றது. உடைக்கும் கத்தியாக இருந்த நொதிதான் பின்னாளில் மின்முனைக்கு ஏறியது. 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் அசோக் முல்சந்தானியின் குழு இதை வைத்துப் பல உணரிகளைச் செய்தது.

அளவெடுக்கும் விதம்

கோலின்எஸ்டரேஸ் பட்டை ஒன்றைக் கையில் எடுத்தால், விரல் நீளப் பிளாஸ்டிக்கின் மேல் கரி மையால் அச்சிட்ட மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோட்டின் நுனியில், கைட்டோசான் போன்ற பசையில் பொதிந்த நொதி காய்ந்திருக்கும். முதலில் அசிட்டைல்தயோகோலின் கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும். நொதி அதை உடைக்க, வெளிவரும் தயோகோலின் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்னோட்டம் தரும். அது இரண்டு மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பட்டையைக் கழுவி, காய்ச்சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்து, மீண்டும் கழுவி, அதே கரைசலை விட்டால் இப்போது 1.2 மைக்ரோஆம்பியர் வருகிறது. அப்படியென்றால் நாற்பது சதவீதம் அடங்கியிருக்கிறது. அந்த நாற்பதுதான் விடை.

ஹைட்ரோலேஸ் பட்டைக்கு இந்த இரண்டு தடவை அளவெல்லாம் கிடையாது. சாற்றை விட்டதும் நொதி மெத்தில் பாரத்தியானை அறுத்து, பாரா நைட்ரோபீனாலை விடுவிக்கும். அது மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைய, ஓரிரு நிமிடத்துக்குள் மின்னோட்டம் தெரியும். மருந்து எவ்வளவோ அதற்கு நேர்விகிதத்தில் ஓட்டமும் இருக்கும். நொதிக்குச் சேதமில்லை, கழுவிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போகலாம். இன்னொரு வகை, அறுக்கும்போது வெளியாகும் ஹைட்ரஜன் அயனியால் மாறும் அமிலத்தன்மையை அளக்கும்.

முதல் பட்டை தரும் செய்தி ஒரு குறைவு. இரண்டாவது தரும் செய்தி ஒரு வரவு. வரவைப் படிப்பது எளிது, பொருளும் தெளிவு. குறைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம்: நொதி வெயிலில் செத்திருக்கலாம், கழுவும்போது உதிர்ந்திருக்கலாம். ஆகவே மருந்தில்லாத சாற்றில் ஊறவைத்த துணைப்பட்டை ஒன்றைக் கூடவே வைத்து ஒப்பிடாமல் கோலின்எஸ்டரேஸ் முடிவை நம்பக்கூடாது. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் திருவள்ளூர் வெயிலில், குளிர்பெட்டி இல்லாமல் வயல்வெளிக்குப் பட்டைகளை எடுத்துப் போனால் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம்.

அடங்கிய நொதியை எழுப்பவும் வழியுண்டு. அரசு மருத்துவமனையில் மருந்து குடித்துவந்தவருக்கு அட்ரோபினோடு சேர்த்துப் போடும் பிராலிடாக்சைம், அதாவது 'பாம்' ஊசி, செரினில் ஒட்டிய பாஸ்பேட்டைப் பிடுங்கிவிடும். அதே பிராலிடாக்சைம் கரைசலில் முக்கினால் உணரிப் பட்டையும் ஓரளவு மீளும். நேரம் கடந்துவிட்டால் ஒட்டு இறுகிப்போகும். பிறகு நோயாளிக்கும் பட்டைக்கும் அது உதவாது.

நுண்மைக்குக் காரணம்

ஒரு கோலின்எஸ்டரேஸ் மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் அசிட்டைல்கோலினை உடைக்கும். ஒரே ஒரு மருந்து மூலக்கூறு அதில் ஒட்டினால், நொடிக்கு ஆயிரக்கணக்கில் விளைபொருள் குறையும். சிறு காரணம் பெருவிளைவாகிறது. ஹைட்ரோலேஸில் இந்தப் பெருக்கம் இல்லை: ஒரு மருந்து மூலக்கூறுக்கு ஒரு நைட்ரோபீனால், அவ்வளவுதான். இதிலிருந்து வியப்பான ஒரு முரண் பிறக்கிறது. அடங்கும் வகையில் மின்முனை மீது நொதி குறைவாக இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் சிறிதளவு மருந்து சிலவற்றை மட்டும் அடக்கிவிட்டுக் காணாமல் போகும். அறுக்கும் வகையிலோ நொதி நிறைய இருப்பதே நல்லது.

எண்களில் பார்த்தால் வேறுபாடு பெரிது. நல்ல கோலின்எஸ்டரேஸ் உணரிகள் நானோமோல் அளவையும் அதற்குக் கீழும் தொட்டிருக்கின்றன. ஹைட்ரோலேஸ் மின்முனைகளின் எல்லை பெரும்பாலும் மைக்ரோமோலில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது. மெத்தில் பாரத்தியானுக்கு அது லிட்டருக்கு ஏறத்தாழ 26 மைக்ரோகிராம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அதற்கு வைத்திருக்கும் வரம்பு 0.3 மைக்ரோகிராம். ஆக, பூண்டித் தண்ணீருக்கு இந்த உணரியைக் கொண்டுபோனால், சட்ட வரம்பைப் போல் எண்பது மடங்குக்கு மேல் விஷம் ஏறிய பிறகே முதல் சத்தம் வரும். குடிநீருக்கு அது ஆகாது. மாதிரியைச் செறிவூட்டி அளக்கலாம்தான். ஆனால் செறிவூட்ட ஆய்வகம் வேண்டும் என்றால் வயலுக்கு வந்த பயன் என்ன?

கோலின்எஸ்டரேஸின் நுண்மைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவற்றில் பாஸ்பரஸோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது கந்தகம். உடலுக்குள் போனபின் கல்லீரல் அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கும். அப்போதுதான் அது முழு விஷமாகும். பட்டைக்குக் கல்லீரல் இல்லை. எனவே சாற்றில் முன்கூட்டியே புரோமின் நீரோ வேறு ஆக்சிஜனேற்றியோ சேர்த்து மாற்றாவிட்டால், குளோர்பைரிபாஸ் நிறைந்த காயும் சுத்தமாகத் தெரியும். மோனோகுரோட்டோபாஸ் ஏற்கெனவே ஆக்சிஜன் வடிவத்தில் இருப்பதால் உடனே சிக்கும். 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்தில் சத்துணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தபோது உணவில் இருந்தது இதே மருந்துதான். அதை நைட்ரோபீனால் தேடும் ஹைட்ரோலேஸ் மின்முனையில் வைத்தால் ஒன்றும் தெரியாது; அந்த மூலக்கூறில் நைட்ரோபீனாலே இல்லை.

ஏமாறும் இடங்கள்

கோலின்எஸ்டரேஸ் தன்னை அடக்குவது எதுவானாலும் அடங்கும். ஆர்கனோபாஸ்பேட் மட்டுமல்ல, கார்பமேட் வகைப் பூச்சிமருந்தும் அதை அடக்கும். போபாலில் 1984இல் விஷவாயு கசிந்த ஆலை தயாரித்த கார்பரில் ஒரு கார்பமேட். பாதரசம், செம்பு, காட்மியம் போன்ற உலோக அயனிகளும் அடக்கும். கத்தரி, தக்காளி, உருளை ஆகியவை அடங்கிய குடும்பத்தின் இயற்கை அல்கலாய்டுகளுக்கும் அந்தக் குணம் உண்டு. மருந்தே அடிக்காத உருளைக்கிழங்கு பச்சை பாரித்திருந்தால், அதன் சொலனைன் போதும் பட்டையைக் குழப்ப. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டை ஓடையில் உலோகம் கலந்திருந்தால், பூச்சிமருந்து இல்லாமலே எச்சரிக்கை மணி அடிக்கும். அது பொய் மணியா? உலோகமும் கெடுதல்தானே என்றால் முழுப்பொய் அல்ல. ஆனால் விவசாயி மேல் பழி போட அது ஆதாரமாகாது.

ஹைட்ரோலேஸ் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அசையாது. கார்பமேட்டை அது தொடவே தொடாது. அதன் தொல்லை வேறு. நைட்ரோபீனாலைப் படிக்க அதிக மின்னழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தில் காய்ச்சாற்றின் வைட்டமின் சி-யும் பீனால்களும் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து கணக்கில் ஏறிக்கொள்ளும். மேலும் பாரா நைட்ரோபீனால் சாயத்துக்கும் பாராசிட்டமாலுக்கும் மூலப்பொருளாகப் பயன்படும் தொழில் வேதிப்பொருள். ஆலைக் கழிவில் அதுவே நேராக இருந்தால், நொதி ஒன்றும் செய்யாமலே உணரி அளவு காட்டும். நொதி பூசாத ஒரு மின்முனையைப் பக்கத்தில் வைத்து, அதன் அளவைக் கழித்தால் இதைச் சமாளிக்கலாம். கோலின்எஸ்டரேஸ் முறையில் நடுவே கழுவிவிடுவதால், சாற்றில் மிதக்கும் இத்தகைய பொருள்களின் தொந்தரவு குறைவு. கீரைச்சாற்றின் பச்சை நிறமும் மின்னளவுக்கு இடையூறில்லை. நிறமாற்றத்தைக் கண்ணால் பார்க்கும் அட்டைச் சோதனைகளைவிட மின்முனை மேலானது இங்கேதான்.

இந்த மண்ணில் எந்த மருந்து?

உணரியின் தகுதியை ஆய்வுக்கட்டுரை பாதி சொல்லும். மீதியைச் சொல்வது உரக்கடை அலமாரி. ஹைட்ரோலேஸ் மின்முனை மிகச் சிறப்பாக அறுத்துக் காட்டுபவை பாரத்தியான், மெத்தில் பாரத்தியான், பெனிட்ரோத்தியான். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு தடைசெய்த பன்னிரண்டில் மெத்தில் பாரத்தியானும் உண்டு. பெனிட்ரோத்தியான் பாலைவன வெட்டுக்கிளிக்கும் பொதுச் சுகாதாரப் பணிக்கும் மட்டும் என்று முன்பே சுருக்கப்பட்டது. அதாவது இந்த உணரி மிக நன்றாகக் கண்டுபிடிப்பது, கடையில் இனி சட்டப்படி விற்கக்கூடாத மருந்துகளை. அசிபேட், மாலத்தியான் ஆகியவற்றில் அறுக்க வேண்டிய இடத்தில் கந்தகப் பிணைப்பு இருப்பதால், இந்த நொதி அவற்றில் தடுமாறுகிறது. குளோர்பைரிபாஸையும் பாரத்தியானைப் போல வேகமாக அறுப்பதில்லை.

தமிழ்நாடு அரசு சில ஆண்டுகளுக்கு முன் தற்கொலைத் தடுப்புக்காக 60 நாள் தடை விதித்த ஆறு தயாரிப்புகளில் இருந்தவை மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் ஆகியவையும் அவற்றில் சிலவற்றின் கலவைகளும். எல்லாமே கோலின்எஸ்டரேஸை அடக்கும் குடும்பம். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் கூடாது என்று 2005இலிருந்தே விதி இருக்கிறது. விதி மீறப்படுகிறதா என்று சந்தை வாசலில் பார்க்க, அடங்கும் நொதிதான் பொருத்தமான காவல்.

ஆனால் அதற்கும் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. இமிடாகுளோப்ரிட், தயாமெதாக்சாம், எமாமெக்டின், குளோரான்ட்ரனிலிப்ரோல் என்று இன்று காய்கறிக்கு அடிக்கும் பல மருந்துகள் கோலின்எஸ்டரேஸை அடக்கும் வகை அல்ல. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளும் அப்படித்தான். பூஞ்சைக்கொல்லிகள், களைக்கொல்லிகளில் பெரும்பாலானவையும் அப்படியே. கேரளத்தின் காசர்கோட்டை உலுக்கி, 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்த எண்டோசல்பான் இந்த இரு உணரிகளுக்கும் புலப்படாது. இரண்டும் அமைதியாக இருக்கின்றன என்பதால் காயில் விஷமில்லை என்று சொல்லிவிட முடியாது.

யாருக்கு எது?

தைவானில் 1980களில் இருந்தே வேளாண் ஆய்வு நிலையம் வகுத்த கோலின்எஸ்டரேஸ் அடக்கச் சோதனை மொத்தச் சந்தைகளில் நடந்துவருகிறது. ஈயிலிருந்து எடுத்த நொதி, நிறமாற்ற முறை. ஏலத்துக்கு முன்பே சந்தேகச் சரக்கை ஒதுக்கி, ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சோதனையின் வேலை தீர்ப்பு சொல்வது அல்ல. எதை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று பொறுக்குவது. திருவள்ளூர் காய் போய்ச் சேரும் கோயம்பேடு சந்தை 1996இலிருந்து ஒரே வளாகத்தில் இயங்குகிறது. அத்தகைய பொறுக்கலுக்கு ஏற்ற வாசல் அது. அங்கே கோலின்எஸ்டரேஸ் பட்டை, ஆக்சிஜனேற்றச் சொட்டோடும் துணைப்பட்டையோடும், வேலைக்கு ஆகும்.

குடிநீருக்கு இரண்டில் கோலின்எஸ்டரேஸ் மட்டுமே நெருங்கக்கூடியது. அதுவும் முதல் எச்சரிக்கையாக மட்டும்.

கும்மிடிப்பூண்டி போன்ற இடத்தில் நிலைமை தலைகீழ். ஓர் ஆலை என்ன தயாரிக்கிறது என்பது முன்பே தெரியும். மூலக்கூறு பெயரோடு தெரியும். செறிவும் வயலைவிட அதிகமாக இருக்கும். தொடர்ந்து ஓடும் கழிவில், ஊறவைக்காமல், நொதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அளக்க ஹைட்ரோலேஸ் பொருத்தம். தயாரிப்பு அந்த நொதி அறுக்கும் வகையாக இருந்தால் கண்காணிப்பும் சுத்திகரிப்பும் ஒரே நொதியால் நடக்கலாம்; அறுத்தபின் விழும் நைட்ரோபீனாலுக்கு மட்டும் வேறு வழி தேட வேண்டும்.

இரண்டையும் ஒரே பட்டையில் பக்கத்தில் வைத்தால் இன்னொரு லாபம். இரண்டும் ஒன்றாக எச்சரித்தால் ஆர்கனோபாஸ்பேட் என்ற சந்தேகம் வலுக்கும். கோலின்எஸ்டரேஸ் மட்டும் அடங்கினால் கார்பமேட்டா, உலோகமா, அல்கலாய்டா, அல்லது ஹைட்ரோலேஸ் அறுக்காத பாஸ்பேட்டா என்று கேள்வி குறுகும். ஹைட்ரோலேஸ் மட்டும் எழுந்தால் கந்தக வடிவ மருந்தோ, வெறும் நைட்ரோபீனாலோ என்று பார்க்கலாம். ஆய்வகத்துக்குப் போகும் மாதிரியோடு இந்தக் குறிப்பும் போனால், கருவி எதைத் தேட வேண்டும் என்பது முதலிலேயே தெளிவாகும்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், இந்த மாவட்டத்தின் காய்கறிக்குக் கோலின்எஸ்டரேஸ். ஆனால் முடிவுச் சீட்டில் 'மருந்து இல்லை' என்று எழுதக்கூடாது. 'ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் அடக்கம் தென்படவில்லை. மற்ற மருந்துகள் சோதிக்கப்படவில்லை' என்று இரண்டு வாக்கியமும் இருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால், மருந்து மாற்றி அடித்தவருக்கு அந்தச் சீட்டே நற்சான்றாகிவிடும்.